வலது இருக்கை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம். போன வாரம் நீ, "இனிமே போன் பண்ணாத, ஏதாவது சொல்லணும்னா எழுதி அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாய். கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் யோசனை நல்லதாகப் பட்டது. எழுதுகிறேன்.

நீ கேட்டதற்கு நேரான பதில்: ஆமாம், சம்பளம் கிடையாது.

இது விமானிகளுக்கான பயிற்சி நிலையம். ஆனால் இங்கே ஒரு விமானம்கூட இல்லை. கிடங்கு மாதிரி உயரமான ஒரு கூடம், அதில் இரும்புக் கால்கள் மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ஜெட்டின் முன்பகுதி அப்படியே இருக்கிறது. சிமுலேட்டர் என்பது இதுதான். கதவைச் சாத்தினால் கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை தெரியும், மழை பெய்யும், பெட்டி நிஜமாகவே குலுங்கும். முதலாளிகளின் சொந்த ஜெட்டுகளை ஓட்டுகிறவர்கள் வருஷா வருஷம் இங்கே வந்து தேர்வு கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

காலையில் பெட்டிகளுக்கு உயிர் கொடுப்பது என் வேலை. ஹெட்செட்டுகளை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன். பிராணவாயு முகமூடிகளையும். கிழிந்த சீட் உறைகளை மாற்றுகிறேன். வருகிறவர்களைப் படியேற்றி உள்ளே கொண்டுபோய் விடுகிறேன்.

இதற்குப் போய் ஏன் என்று கேட்பாய். லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப்போல ஏகப்பட்ட பேர். கம்பெனி ஜெட்டுகளுக்கு விளம்பரம் போட்டு ஆள் எடுப்பதில்லை. தெரிந்தவர் தெரிந்தவரைக் கூப்பிடுகிறார். அந்தத் தெரிந்தவர்கள் எல்லாரும் இந்தக் கூடத்து வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நான் அந்த வாசலில் போய் நின்றுகொண்டேன்.

இன்னொன்று. சில சமயம் தேர்வுக்கு ஒருவர் மட்டும் தனியாக வருவார். ஜெட்டை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். அப்போது வலது இருக்கையில் ஒப்புக்கு ஒருவரை உட்காரவைப்பார்கள். அந்த ஒப்புக்கு ஆளாக நான் ஆகலாம்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வாலு


பிப்ரவரி 12

வாலு,

கடிதம் வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபமாக, இரண்டாவது முறை டீயோடு.

நம் டெப்போவில் பஸ் கழுவுகிறவருக்குக்கூடச் சம்பளம் உண்டு. அவருக்கு ஒரு நாள் தள்ளிப்போனால் யூனியன்காரர்கள் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று போடுகிற வேலையில் இருக்கிறவளுக்கு நீ சொல்கிற கதை புரியவே மாட்டேன் என்கிறது. சம்பளம் இல்லை, விமானம் இல்லை, ஆனால் விமானி. "ஒப்புக்கு ஆளாக ஆகலாம்" என்று எழுதியிருக்கிறாய். ஒப்புக்கு ஆளாவதற்கே காத்திருப்போர் வரிசையா?

அம்மா எதிர்வீட்டுக்காரியிடம், "சின்னவ ஃபிளைட் ஓட்டுறா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. துடைக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்ணாடிக்கடைக்காரரை உனக்கு நினைவிருக்கும். எங்கள் டிரைவர்களுக்குக் கண் பரிசோதிக்க வருகிறவர். அவர் என்னிடம் ஒன்று கேட்டார். தங்கச்சி வேலையில் அமரட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன். அதற்குமேல் இதைப் பற்றி நீ எதுவும் கேட்காதே.

முழங்கால் அப்படியேதான். மாடிப்படி ஏறுவதில்லை. குரல் மட்டும் ஏறுகிறது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்காதே என்றதால் கேட்கவில்லை. ஆனால் அவர் நல்லவர். என் கண்ணைப் பார்த்த அன்று காசு வாங்க மறந்துபோனார். மறந்தாரா, மறந்ததுபோல் இருந்தாரா என்று அப்போதே எனக்குச் சந்தேகம். இந்த வரியை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கே இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர், பெட்டிகளைப் பழுதுபார்க்கிற டெக்னீஷியன். எல்லாரும் "நட்டு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் சட்டைப்பையில் எப்போதும் ஏதோ ஒரு நட்டு இருக்கும், அது எதிலிருந்து கழன்றது என்று அவருக்கே தெரியாது. இன்னொருவர் தேர்வு வைக்கிற அம்மாள். அவரை "டீச்சர்" என்கிறார்கள். விமானிகளுக்குப் பின்னால் ஒரு திரை முன்பு உட்கார்ந்துகொண்டு, ஒரு விரலால் தொட்டு எஞ்சினை அணைப்பார், பனியை இறக்குவார். குரலை மட்டும் உயர்த்தமாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

போன மாதக் கடைசியில் முதல் தடவையாக வலது இருக்கையில் உட்கார்ந்தேன். வந்தவரின் துணை விமானிக்குக் காய்ச்சல். கை வியர்த்து, ஒரு சுவிட்சைத் தப்பாகத் தொட்டேன். பின்னாலிருந்து டீச்சர், "இப்ப நீங்க விளக்க அணைச்சிருக்கீங்க. நல்லது. இருட்டுல ஓட்டிப் பழகலாம்" என்றார். அதன் பிறகு என்னை உட்காரவைத்துச் சில விதிகளை ஒப்பிக்கச் சொன்னார். அதில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டுகிறவரை இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால், மூன்றாவது தடவை கூப்பிடக் கூடாது. கட்டுப்பாட்டை நீ எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் எவ்வளவு பெரிய கேப்டனாக இருந்தாலும்.

அதற்குப் பின் பல தடவை உட்கார்ந்துவிட்டேன். இப்போது கை வியர்ப்பதில்லை.

வாலு


ஏப்ரல் 6

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. நிஜ வேலை. நிஜ விமானம்.

ஒரு சிமெண்ட் கம்பெனி முதலாளியின் ஜெட்டுக்கு வயதான ஒரு கேப்டன் இருக்கிறார். முதலாளி குடும்பத்தையே இத்தனை வருஷமாகச் சுமந்தவர். அவருடைய துணை விமானி பெரிய ஏர்லைனுக்குப் போய்விட்டதால் தேர்வுக்குத் தனியாக வந்தார். இரண்டு நாளும் நான்தான் அவர் பக்கத்தில். அழகாக ஓட்டுகிறார் அக்கா. கை அசைவதே தெரியாது. நடுவில் ஒரு சின்னத் தடங்கல், அதைப் பிறகு எழுதுகிறேன். தேறிவிட்டார்.

போகும்போது படிக்கட்டில் நின்று, "உனக்கு எங்கயாவது வேலை ஆச்சா?" என்றார். இல்லை என்றேன். "எங்க முதலாளிகிட்ட பேசுறேன். என் பக்கத்துல யாரு உட்காரணும்னு நான் சொன்னா அவர் மறுக்கமாட்டார்" என்றார். நேற்று போன் வந்தது. முதலாளி சரி என்றுவிட்டாராம். கேப்டன் அடுத்த வாரம் வந்து நேரில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நட்டு தன் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்துப் பரிசாகக் கொடுத்தார். மறுநாள் காலையில் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஒரு பெட்டியின் படியிலிருந்து கழன்றதாம்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

வாலு


ஏப்ரல் 13

என் வாலுவுக்கு,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "அவதான் முன்னாடியே ஓட்டுறாளே" என்றாள். தன் பொய்யைத் தானே நம்பிவிட்டாள் பாவம்.

நான் உன்னிடம் பேசிய பேச்செல்லாம் அப்படியே திரும்ப விழுங்குகிறேன். வாசலில் நின்றால் வேலை கிடைக்கும் என்று நீ சொன்னது சரிதான்.

டெப்போவில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு டிரைவர் வந்து, "உங்க தங்கச்சி வண்டிக்கு ஹாரன் உண்டா?" என்று கேட்டார். உண்டு, ஆனால் மேகத்துக்கு மட்டும்தான் அடிப்பாள் என்றேன்.

கண்ணாடிக்காரருக்குப் பதில் சொன்னேன். ஜூன் மாதம் பதிவு அலுவலகத்தில். கூட்டம் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். அம்மாவை என்ன செய்வது என்றுதான் இத்தனை நாள் தயங்கினேன். நீ ஒரு வேலையில் இருந்தால் பாரத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்ளலாம். நான் இப்படி எழுதுவது உனக்கு வினோதமாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு தேதி குறித்ததில்லை.

அந்தத் தடங்கல் என்ன?

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தடங்கலைப் பற்றி எழுதுகிறேன். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தேர்வின் இரண்டாம் நாள் டீச்சர் ஒரு எஞ்சினை அணைத்து, பனியையும் இறக்கிவிட்டார். பனியில் இறங்கும்போது ஒரு குறிப்பிட்ட உயரம் வரைக்கும்தான் வரலாம். அதற்குள் ஓடுபாதை கண்ணில் படவில்லை என்றால் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். அந்த உயரம் வந்ததும் குரல் கொடுப்பது வலது இருக்கையின் வேலை. கொடுத்தேன். கேப்டனிடமிருந்து பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. கை பிடியில் இருந்தது. ஆனால் ஆள் அங்கே இல்லை. நாங்கள் இறங்கிக்கொண்டே இருந்தோம்.

விதிப்படி நான் இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு, கட்டுப்பாட்டை எடுத்திருக்க வேண்டும். நான் அவர் முழங்கையைத் தொட்டேன். உடனே திரும்பி வந்துவிட்டார். ஒன்றுமே நடக்காததுபோல் விமானத்தை மேலே ஏற்றினார், அதுவும் அவ்வளவு சுத்தமாக. டீச்சர் அப்போது குனிந்து அடுத்த பயிற்சிக்குத் திரையில் எதையோ மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "கொஞ்சம் லேட்" என்றார். "யோசிச்சேன் மேடம்" என்றார் கேப்டன். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு கணம் கவனம் சிதறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் அவர் வேலையைப் பற்றிப் பேச வந்தார். பக்கத்துத் தெரு டீக்கடையில் உட்கார்ந்தோம். முதலாளியின் மருமகளுக்கு விமானத்தில் வயிற்றைப் பிரட்டும், பேரப்பிள்ளைகள் முன்னால் வந்து எட்டிப்பார்ப்பார்கள், அவர்களை விரட்டாதே என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், வாக்கியத்தின் நடுவில் நின்றார். டீக்கோப்பை பாதி வழியில் நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கோப்பை வாய்க்குப் போனது. பேச்சு வேறொரு இடத்திலிருந்து தொடங்கியது. விட்ட இடம் அவருக்குத் தெரியவில்லை.

ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். எனக்கு அனுபவமே இல்லையே என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அனுபவம் உள்ளவன் பட்டுனு வண்டியப் பிடுங்குவான். நீ முழங்கையத் தொட்ட. எனக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்."

அவருக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் கேட்கிறார்.

இன்னும் பதில் சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய்? ஜூன் மாதத்தை மறந்துவிட்டு நான் இதைக் கேட்கவில்லை.

வாலு


ஏப்ரல் 28

வாலு,

என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

எங்கள் டெப்போவில் உடம்புக்கு ஒன்றுமில்லாத டிரைவர் யார் என்று காட்டு. ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வீட்டில் நிம்மதி இல்லை. எல்லாரும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வயதானவர் ஒரு வினாடி அசந்துபோனார். அதற்குத்தானே பக்கத்தில் இன்னொருவரை உட்காரவைக்கிறார்கள்? நீ பக்கத்தில் இருக்கப்போகிறாய். நீ விழித்திருந்தால் போதாதா? அவர் இன்னும் எத்தனை நாளைக்கு ஓட்டிவிடப் போகிறார்? அவர் போன பிறகு அந்த இடம் யாருக்கு?

நீ டாக்டர் இல்லை. உனக்கு எப்படித் தெரியும்?

அப்பா போனதிலிருந்து நான் ஒருத்தி இந்த வீட்டை இழுக்கிறேன். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதே. சொன்னால் நீ படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுவாய் என்று பயந்தேன். இப்போது உன் கைக்கே ஒரு வேலை வந்திருக்கிறது. அதை நீ கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்க நினைத்தேன். முடியவில்லை. கேப்டன் நாளைக்கே முதலாளியைப் பார்க்க வரச் சொல்லிவிட்டார்.

இன்று காலையில் அவரிடமே போய்ச் சொன்னேன். "சார், நீங்களே டாக்டரப் பாருங்க. அது வரைக்கும் ஓட்டாதீங்க. இல்லன்னா நான் டீச்சர்கிட்ட சொல்ல வேண்டியிருக்கும்." கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உனக்கு ஒரு வேலை கொடுக்கலாம்னு பார்த்தேன்" என்றார். பிறகு, "நாளன்னைக்கு முதலாளி குடும்பத்தோட போறாரு, பக்கத்துல வேற ஒருத்தன உட்காரவச்சு நான்தான் ஓட்டுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அங்கிருந்து நேராக டீச்சரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், முழங்கையையும் சேர்த்து. அவர் முகம் மாறவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டேன்" என்றார். அவ்வளவுதான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

என்ன ஆகும் என்று தெரியவில்லை. வேலை போய்விட்டது, அது மட்டும் தெரியும். உன் ஜூன் மாதத்துக்கு நான் என்ன சொல்வது?

வாலு


ஜூன் 26

வாலு,

நம் இரண்டு கடிதங்களும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது முன்னாலேயே வந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று பல நாள் யோசித்தேன். உன்னிடம் கேட்கப் போவதில்லை. அது தாமதமாக வந்ததில் எனக்கு நிம்மதி என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபம் தணிய ஒரு மாதம், வெட்கம் தணிய இன்னொரு மாதம்.

வேலை போன விஷயத்தைக் கண்ணாடிக்காரரிடம் சொல்லி, தேதியைத் தள்ளிப்போடலாம் என்றேன். அவர் ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உங்க தங்கச்சிக்கு வேலை வர்றது அவங்க பாடு. நீங்க எதுக்குக் காத்திருக்கீங்க?" தேதியைத் தள்ளவில்லை. போன வெள்ளிக்கிழமை பதிவு செய்துகொண்டோம்.

உனக்குத் தெரிவிக்கவில்லை. வெட்கத்தால்தான். இப்போது வருத்தமாக இருக்கிறது.

அம்மாவும் எங்களோடு வந்துவிட்டாள். கடைக்கு மேல்தான் வீடு. முழங்காலைக் காரணம் காட்டி மாடி ஏறமாட்டேன் என்று கடையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். வருகிற ஒவ்வொருவரிடமும், "இந்த ஃபிரேம் உங்க மூஞ்சிக்கு எடுபடாது" என்கிறாள். வியாபாரம் குறையும் என்று பயந்தோம். சொல்லப்போனால் கூடியிருக்கிறது.

அங்கே என்ன ஆயிற்று? உன்னை வெளியே அனுப்பிவிட்டார்களா?

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு, அத்தானுக்கு,

அத்தான் என்று எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. அவரிடம் சொல், கண் பரிசோதித்த காசை இனி தரமாட்டேன்.

பதில் எழுத இத்தனை நாளாகிவிட்டது, சொல்ல நல்ல செய்தி இல்லாமல்தான். வெளியே அனுப்பவில்லை. ஆனால் வலது இருக்கையில் உட்காரவைப்பதை நிறுத்திவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டு, "இங்க நடக்குறத வெளிய சொல்ற ஆளுன்னு பேர் வந்துட்டா, வர்றவங்க வேற இடம் பார்த்துப்பாங்க" என்றார். நான் வெளியே சொல்லவில்லை, டீச்சரிடம்தான் சொன்னேன் என்றேன். அதுவே அவருக்கு வெளிதான். மே மாதம் முழுக்க முகமூடி துடைத்தேன், ஜூனிலும் அதேதான். சில விமானிகள் நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நட்டு மட்டும் என்னோடு மத்தியானம் சாப்பிட்டார்.

அன்று டீச்சர் செய்த போனில் அந்தக் குடும்பத்தின் பயணம் நின்றது. கேப்டனை மறுபடி மருத்துவச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூளையில் ஏதோ ஒரு கோளாறு, சில வினாடிகள் கரண்ட் போய்விட்டு வருவது மாதிரி என்று டீச்சர் விளக்கினார். மாத்திரை சாப்பிட்டால் சாதாரணமாக வாழலாமாம். ஓட்ட முடியாது, அவ்வளவுதான். அந்த விமானத்துக்கு வெளியிலிருந்து வேறொரு கேப்டன் வந்தார், தன் துணை விமானியையும் கூட்டிக்கொண்டு. எனக்கு அங்கே இடமில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆகஸ்டில் வேறொரு கம்பெனியின் தலைமை விமானி ஒரு பெண்மணி தேர்வுக்கு வந்தார். போகும்போது டீச்சரிடம் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். டீச்சர் சொன்னதை நட்டு கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு வந்து எனக்கு நடித்துக் காட்டினார்: "ஒருத்தி இருக்கா. கை பரவாயில்ல. ஆனா பார்த்ததச் சொல்லிடுவா, வாயக் கட்ட முடியாது. அது உங்களுக்கு ஒத்து வரும்னா கூப்பிடுங்க." மறுநாள் கூப்பிட்டார்கள். நேர்காணலில் அந்த அம்மாள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எஞ்சினைப் பற்றி இல்லை. ஏப்ரல் மாதத்தைப் பற்றி. தேர்வு அன்றே சொல்லாமல் ஏன் தாமதித்தாய் என்றார். வேலை வேண்டியிருந்தது என்றேன். தலையாட்டினார்.

அடுத்த திங்கட்கிழமை சேர்கிறேன். சம்பளம் உண்டு. அம்மாவிடம் இதை ஒரு செய்தியாகச் சொல்லாதே, அவளுக்கு இது பழைய செய்தி.

இன்று என் கடைசி நாள். மத்தியானம் நான் ஒரு பெட்டிக்குள் துடைத்துக்கொண்டிருந்தபோது கேப்டன் படியேறி வந்தார். தன் ஹெட்செட்டை இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தார், அதை எடுக்க வந்தேன் என்றார். துடைத்து உறையில் போட்டு வைத்திருந்தேன், கொடுத்தேன். மெலிந்திருந்தார். வாங்கிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"உன்மேல எனக்கு இன்னும் கோபம் போகல" என்றார்.

"சரி சார்" என்றேன்.

"அந்த வண்டி இருக்கே, ஈரத்துல பிரேக் போட்டா லேசா இடது பக்கம் இழுக்கும். ஒர்க்‌ஷாப்ல எத்தனை தடவை பார்த்தாலும் போகாது. காலால சரிபண்ணிக்கணும். புதுசா வந்திருக்கிறவனுக்கு யாராவது சொன்னாங்களா?"

தெரியவில்லை என்றேன்.

"நான் போன் பண்ணா எடுக்கமாட்டான். நீ பண்ணு. இப்பவே பண்ணு."

அவர் எதிரிலேயே எண்ணைத் தேடி எடுத்து அந்தப் புதிய கேப்டனுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார். பழைய கேப்டன் என்றேன். "மழை நாள்ல நானும் பார்த்தேன், என் கைதான் சரியில்லன்னு நினைச்சேன். அவருக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

கேப்டன் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். கூடத்து இரும்புப் படி செங்குத்தானது. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கினார். நான் மேலேயே நின்றேன். கூடப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. போகவில்லை. கடைசிப் படி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கீழே போனதும் அவர் திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் கொஞ்சம் உயர்த்தினார்.

வாலு